மூட்டைப்பூச்சிக்கு நீராவிக் கருவி: எதை வாங்கலாம், எங்கே ஏமாற்றும்?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கடையில் போய் மூட்டைப்பூச்சிக்கு ஏதாவது கொடுங்கள் என்றால் ஸ்பிரே டின்தான் கைக்கு வரும். பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. கண்ணில் படுகிற பூச்சி மேல் நேராக அடித்தால் சாகலாம். ஆனால் இந்த வகை மருந்துக்கு மூட்டைப்பூச்சிகள் பல நாடுகளில் பழகிவிட்டன. முட்டையை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தப்பித்தவை கட்டிலை விட்டுச் சுவர் இடுக்குக்குப் போய்விடும். மருந்துக்குப் பழகிய பூச்சியும் அதன் முட்டையும் 60 டிகிரி சூட்டைத் தாங்காது. அதனால் வீட்டுக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், தரை, டைல்ஸ் துடைக்க விற்கிறார்களே அந்த நீராவிக் கருவியை வாங்கலாம். அதிலும் எல்லாம் உதவாது.

துணிச் சுருக்கம் எடுக்கும் ஸ்டீமரை விட்டுவிடுங்கள். அதன் ஆவி துணியைத் தொடும்போதே ஆறிவிடுகிறது. கையில் பிடிக்கும் சின்னக் கருவியில் கால் லிட்டர், அதற்குச் சற்று மேல் தண்ணீர் பிடிக்கும். சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், மறுபடி ஊற்றிச் சூடாகக் காத்திருக்க வேண்டும். ஒரு நாற்காலிக்குப் போதும், இரட்டைக் கட்டிலுக்குப் போதாது. தரையில் வைத்துக் குழாயை இழுத்துக்கொண்டு வேலை செய்யும் வகை, 1,500 வாட், ஒன்றரை லிட்டர் தொட்டி, இதுதான் சரியான அளவு. முக்கோணத் தலையோ அகலத் தலையோ கூடவே வருகிறதா என்று பாருங்கள். ஊசி மாதிரிப் பீய்ச்சும் மூக்கு மட்டும் இருந்தால் வேண்டாம். அது பூச்சியையும் முட்டையையும் ஊதி அடுத்த மூலைக்கு அனுப்பும்.

கரண்ட் விஷயத்தைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். 1,500 வாட் கருவி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். கட்டில் பக்கத்தில் இருக்கும் சின்ன பிளக் தாங்காது, கிரைண்டர், கீசர் போடும் 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடேறி உருகும். லைனின் கடைசி வீடுகளில் சாயங்காலம் வோல்டேஜ் 200க்கு இறங்கினால் 1,500 வாட் கருவி 1,130 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். ஆவி குறைந்து வெந்நீர்த் துளி அதிகம் வரலாம். காலையில் செய்வதே நல்லது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே படிமம் கட்டிக் கருவி அடைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீர், இல்லையென்றால் வடிகட்டிய மழைத் தண்ணீர்.

இனி வேலை. மெத்தையை மட்டும் ஓட்டிவிட்டு முடித்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. பூச்சி அதிகம் ஒளிவது கட்டில் சட்டத்தின் மூட்டில், போல்ட் ஓட்டையில், தலைமாட்டுப் பலகையின் பின்புறத்தில். கட்டிலைக் கழற்றாமல் ஆவி பிடிப்பது வீண். கழற்றுவதற்கு முன் தரையில் வெள்ளைத் துணி விரித்தால் விழுவது தெரியும். கருவியின் தலையில் ஒரு மடிப்புப் பருத்தித் துணி கட்டுங்கள், ஊதும் வேகம் குறையும். மெத்தைத் தையலில் ஒரு அடி நீளத்துக்குப் பத்து முதல் பதினைந்து வினாடி. இஸ்திரி போடும் வேகம்கூட அதிகம். ஆவி பட்ட இடம் உடனே 70, 80 டிகிரி காட்ட வேண்டும். பார்க்க எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் லேசர் வெப்பமானி வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்தது உடல் சூட்டுக்கானது. ஆவி துணிக்குள் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். மெத்தைக் கிழிசலை முதலில் தைத்துவிடுங்கள், பூச்சி உள்ளே போய்விட்டால் இந்தக் கருவிக்கு எட்டாது.

பழைய தேக்குக் கட்டிலில் அரக்குப் பாலிஷ் இருந்தால் ஆவி பட்ட இடம் வெள்ளை பூத்துவிடும். பிளைவுட் ஓரத்துப் பசை விடும். ஸ்விட்ச் போர்டு, டி.வி. பக்கம் கொண்டுபோகவே கூடாது. இரும்புக் கட்டிலின் குழாய் முனைகளில் ஆவி பிடித்து, ஆறியதும் எம்-சீல் வைத்து அடைக்கலாம். கயிற்றுக் கட்டிலுக்கு இந்தச் செலவே தேவையில்லை. வாசலில் சாய்த்துவைத்துக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றும் பழைய முறை இன்றைக்கும் அசைக்க முடியாதது. போர்வை, தலையணை உறையையும் அண்டாவில் கொதிக்க வைக்கலாம், அல்லது மெஷினில் 60 டிகிரியில் துவைக்கலாம்.

அக்னி நட்சத்திர வெயிலில் மெத்தையைப் போட்டால் போதாதா? மேல்பக்கம் சுடும்போது பூச்சி அடிப்பக்க நிழலுக்கு இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வேறு சிக்கல்: ஆவி பிடித்த இலவம்பஞ்சு மெத்தை காயாமல் பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் தையலையும் ஓரத்தையும் மட்டும் பிடித்து, மின்விசிறிக்கு நேரே நிமிர்த்தி வைப்பது போதும்.

நீராவிக்கு ஒரு குறை உண்டு. பட்ட இடத்தில் கொல்லும், பிறகு அங்கே வரும் பூச்சியை ஒன்றும் செய்யாது. தப்பிய முட்டை நம் ஊர்ச் சூட்டில் ஆறு முதல் பத்து நாளில் பொரிந்துவிடும். பத்து, பதினான்கு நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை செய்யாவிட்டால் முதல் முறைச் செலவு வீண். இந்த இடைவெளியில் ஆள் அதே கட்டிலில்தான் படுக்க வேண்டும். வேறு அறைக்குப் போனால் பூச்சியும் தேடி வரும்.

மிச்சம் இருக்கிறதா என்று அறியக் கட்டில் காலுக்கு அடியில் வைக்கும், விழுந்த பூச்சி ஏற முடியாத வழுவழுப்புக் கிண்ணப் பொறி ஆன்லைனில் விற்கிறது. வெளிநாட்டு விமர்சனத்தை நம்பி அப்படியே வைக்காதீர்கள். வெப்ப நாடுகளில் பரவியிருக்கும் சைமெக்ஸ் ஹெமிப்டீரஸ் என்ற மூட்டைப்பூச்சி இனம் குளிர்நாட்டு இனத்தைவிட வழுவழுப்பில் நன்றாக ஏறும். உள்சுவரில் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தடவி, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பூச்சியின் உடல் ஈரத்தை உறிஞ்சிக் கொல்லும் டயட்டமேசியஸ் மண் தூளும் நல்ல துணைதான், மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் போர்டின் பின்னால் போட அதுவே ஏற்றது. மழைக்கால ஈரத்தில் மந்தமாக வேலை செய்யும். நீச்சல்குள வடிகட்டிக்கான தூளை வாங்காதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல்.

டெல்டாவில் உரக்கடை பக்கத்திலேயே இருப்பதால் வயல் மருந்தைப் படுக்கையில் அடிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அப்படி அடித்துவந்த டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டிலேயே தடை. நெல் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது, பக்கத்து அறையில் தூங்குபவரும் சாகலாம்.

ஒரே கட்டில், ஒரே அறை என்றால் கருவி போதும். சோபா, ஜன்னல் சட்டம், சுவர் விரிசல் வரை பரவிவிட்டதென்றால் ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். மருந்தின் பெயர் என்ன, கட்டிலைக் கழற்றுவார்களா, இரண்டாவது வருகை கட்டணத்தில் அடக்கமா என்று கேளுங்கள். ஒரே தடவையில் முடியும் என்பவரை அனுப்பிவிடலாம். 2028 மகாமகத்துக்கு அறை தயார்செய்யும் விடுதிக்காரர்கள் பெரிய தொட்டிக் கருவி ஒன்று வாங்கிப் போடலாம். ஆள் காலி செய்ததும் தலைமாட்டுப் பலகையை நகர்த்தி டார்ச் அடித்துப் பார்த்தால், பூச்சியின் எச்சக் கரும்புள்ளி தெரிகிற அறையில் மட்டும் அதை எடுத்தால் போதும்.