டாக்கிங் ஹெட்ஸ்: நெடுநாள் கேட்டபின் ஒரு மதிப்பீடு

நியூயார்க்கைச் சேர்ந்த டாக்கிங் ஹெட்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் எட்டு ஸ்டுடியோ ஆல்பங்களையும் ஒலிநாடாக் காலம் முதல் கேட்டு வருகிறேன். தொடக்கத்தில் டேவிட் பர்னின் பதற்றம் நிறைந்த குரலுக்காகக் கேட்டேன். இன்று பெரும்பாலும் டீனா வெய்மத்தின் பேஸ் கிட்டாருக்காகவும் கிறிஸ் ஃபிரான்ட்ஸின் டிரம்ஸுக்காகவும் கேட்கிறேன். எழுபதுகளின் இறுதியில் எழுந்த ‘நியூ வேவ்’ என்ற ராக் பாணிக் குழுக்களில் பலவற்றின் பாடல்கள் அந்தக் காலத்து சின்தசைசர் ஒலியோடு சேர்ந்து பழையதாகிவிட, இவர்களுடையவை மட்டும் ஏன் தேயவில்லை என்று கேட்டால், காரணத்தை அந்த இருவரின் தாளக்கட்டில்தான் தேட வேண்டும் என்பது என் முடிவு.

பர்ன், வெய்மத், ஃபிரான்ட்ஸ் மூவரும் ரோட் ஐலண்டு ஓவிய வடிவமைப்புக் கல்லூரியில் அறிமுகமானவர்கள். நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தபின், பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காத நிலையில், ஃபிரான்ட்ஸின் தூண்டுதலால் வெய்மத் அந்த வாத்தியத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். 1975 ஜூன் மாதம் சிபிஜிபி என்ற மதுக்கூடத்தில் ரமோன்ஸ் என்ற பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக்) குழுவுக்கு முன்னதாக முதன்முதலில் மேடையேறினார்கள். தோல் மேலங்கியும் கிழிந்த ஜீன்ஸும் அடையாளமாக இருந்த அந்த இடத்தில், அலுவலகம் முடிந்து நேராக வந்தவர்களைப் போல் சட்டையணிந்து நின்ற இவர்களைப் பங்க் கூட்டத்தோடு சேர்ப்பதா வேண்டாமா என்ற குழப்பம் நீடித்தது. கீபோர்டும் கிட்டாரும் வாசிக்கும் ஜெர்ரி ஹாரிசன் 1977-இல் நான்காமவராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் முதல் ஆல்பமும் வெளியானது. அதில் உள்ள ‘சைக்கோ கில்லர்’ பாடலைப் பலரும் பர்ன் திக்கித் திக்கிப் பாடுவதற்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாடல் தொடங்குவது தனியாக நடந்துவரும் பேஸில். அந்த நடையில் அவசரமே கிடையாது. குரல் எவ்வளவு தடுமாறினாலும் கீழே தளம் அசையாமல் இருக்கிறது என்ற உறுதியைத் தருவது அதுதான்.

இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ தயாரித்த மூன்று ஆல்பங்களில் நான் அடிக்கடி திரும்பிச் செல்வது 1980-இல் வந்த ‘ரிமெயின் இன் லைட்’. பஹாமாஸ் நாட்டின் தலைநகர் நாசாவ் நகரில் உள்ள காம்பஸ் பாயின்ட் ஸ்டுடியோவில், பாடல்களை முன்னதாக எழுதி வைக்காமல், எல்லோரும் கூடி வாசித்த சிறு சிறு தாளத் துண்டுகளைச் சுழலவிட்டு, அவற்றின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்வது என்ற முறையில் இதைத் தொடங்கினார்கள். ஒரே தாளத்தை நெடுநேரம் சுழலவிடும் நைஜீரிய இசைக்கலைஞர் ஃபேலா குட்டியின் இசைத்தட்டுகளை இவர்கள் அப்போது ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தது ஊரறிந்த செய்தி. மேற்கத்திய ராக்கில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும்போதுதான் பாடல் நகர்கிறது என்று பழகிய காதுக்கு, கார்டே மாறாமல் ஒரு பாடல் ஐந்து நிமிடம் ஓடுவது முதலில் சலிப்பாகவே இருக்கும்.

‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாடலை ஹெட்போனில், குரலை ஒதுக்கிவிட்டு, பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். சில சுரங்கள், பிறகு ஒரு வெற்றிடம், மீண்டும் அதே சுரங்கள் என்று பாடல் முழுக்க ஏறத்தாழ மாறாமல் வருகிறது. பர்ன், வானொலியில் கேட்ட கிறித்தவப் போதகர்களின் பாணியில் பாதி பேசியும் பாதி கத்தியும் செல்கிறார். பல்லவியில் எல்லாக் குரல்களும் ஒன்றாக எழும்போது இசையே வேறு இடத்துக்கு ஏறியதாகத் தோன்றுகிறது. உண்மையில் அடித்தளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மேலே உள்ளவை மட்டுமே விலகி நிற்கின்றன. சிறிய மொபைல் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இதில் பாதி போய்ச்சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விருந்தினராக வாசித்த ஏட்ரியன் பலூவின் கிட்டார் ஒலிகளும் இதே ஆல்பத்தில் உண்டு. விலங்கின் கூச்சலா இயந்திரத்தின் கோளாறா என்று பிரித்தறிய முடியாத அவை இன்றும் வியப்பளிக்கின்றன.

இந்தக் கூட்டு முயற்சிதான் குழுவுக்குள் மனக்கசப்பையும் விதைத்தது. பாடல்களை ஆக்கியவர்கள் என்று ஆல்பத்தின் உறையில் பர்ன், ஈனோ, டாக்கிங் ஹெட்ஸ் என அச்சிடப்பட்டதைக் குழுவின் மற்றவர்கள் ஏற்கவில்லை. அந்த ஆல்பத்தைக் காதால் கேட்கும் எவருக்கும் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பது விளங்கும். அடுத்த ஆண்டே வெய்மத்தும் ஃபிரான்ட்ஸும் டாம் டாம் கிளப் என்ற பெயரில் தனியே ஓர் ஆல்பம் வெளியிட்டு, தங்கள் தாளம் பர்ன் இல்லாமலும் ஆட வைக்கும் என்று காட்டினார்கள்.

1983-இன் ‘ஸ்பீக்கிங் இன் டங்ஸ்’ விற்பனையில் அவர்களை உயர்த்தியது. அதன் கடைசிப் பாடலான ‘திஸ் மஸ்ட் பி த பிளேஸ்’, தங்கள் வழக்கமான வாத்தியங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு உருவாக்கியது. கிட்டாரும் பேஸும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே சிறு வரியைத்தான் வாசிக்கின்றன. திறமையைக் காட்டும் இடம் எதுவும் இல்லை. எனக்கு இதுவரை அலுக்காத பாடல் இது ஒன்றுதான் என்று துணிந்து சொல்வேன். பின்னர் வந்த ‘லிட்டில் கிரீச்சர்ஸ்’ இனிமையானது, ‘ட்ரூ ஸ்டோரீஸ்’ எனக்கு ஒட்டவில்லை. பாரிஸில் ஆப்பிரிக்கக் கலைஞர்களோடு பதிவுசெய்த ‘நேக்கட்’ (1988) பாதி அளவுக்குத் தேறும். 1991-இல் குழு முடிந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது.

புதிதாகக் கேட்க வருபவருக்கு ஸ்டுடியோ ஆல்பங்களைவிட, திரைப்பட இயக்குநர் ஜோனதன் டெமி 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் படம்பிடித்த ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ என்ற கச்சேரிப் படத்தையே பரிந்துரைப்பேன். பர்ன் தனியாக வருகிறார், அடுத்த பாடலுக்கு வெய்மத் வருகிறார், அதற்கடுத்து ஃபிரான்ட்ஸ், பிறகு ஹாரிசன் என்று மேடை நம் கண்ணெதிரே நிரம்புவதால், எந்த வாத்தியம் எதைச் சேர்க்கிறது என்பது கேட்பவருக்குத் தானாகவே புரிந்துவிடும். பார்வையாளர் முகங்களை ஏறத்தாழ இறுதிவரை காட்டாத டெமியின் பிடிவாதமும் இதற்கு உதவுகிறது. அந்தப் படத்தின் ஒலிப்பதிவை வாங்குபவர்கள் மட்டும் சற்றுக் கவனிக்க வேண்டும்: 1984-இல் வந்த இசைத்தட்டில் ஒன்பது பாடல்களே உள்ளன, 1999 பதிப்பில் 16 உள்ளன, விடுபட்ட மேலும் இரண்டு 2023 பதிப்பில்தான் சேர்ந்தன. ஒருவர் பின் ஒருவராக மேடையேறும் அந்தத் தொடக்கப் பகுதி ஒன்பது பாடல் பதிப்பில் சிதைந்து போயிருப்பதால், அதை விலை குறைவாகக் கிடைத்தாலும் தவிர்த்துவிடுங்கள்.