நியூ ஆர்டர்: 1987 தொகுப்பா, 1994 தொகுப்பா?

மான்செஸ்டர் இசைக்குழுவான நியூ ஆர்டரைப் புதிதாகக் கேட்பவருக்கு நான் கொடுப்பது 'சப்ஸ்டன்ஸ்' (1987). அவர்களின் இசையை வெளியிட்ட ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் டோனி வில்சன் தன் காரின் சிடி பிளேயரில் எல்லா சிங்கிள்களையும் (தனியாக வெளிவந்த பாடல்களையும்) ஒன்றாகக் கேட்க ஆசைப்பட்டார். அதிலிருந்து பிறந்ததாம் இது.

வெளிவந்த வரிசையிலேயே பாடல்கள். முதலில் 'செரிமனி', இதே குழுவினர் முன்பு ஜாய் டிவிஷனாக இருந்தபோது பாடகராக இருந்து 1980-ல் இறந்த இயன் கர்டிஸின் காலத்திலேயே உருவான பாட்டு. அந்த கிதாரில் இன்னும் துக்கம் ஒட்டியிருக்கும். சற்று நேரத்தில் 'ப்ளூ மண்டே' (1983): டிரம் மெஷினின் தட்தட், பிறகு பீட்டர் ஹூக்கின் பேஸ், ஏழு நிமிடத்துக்கு மேல். இசைக்குழு மாறுவதைக் காதாலேயே பார்க்கலாம். பெரும்பாலும் 12 அங்குல இசைத்தட்டுக்கான நீண்ட வடிவங்கள். குறையும் உண்டு: 'டெம்ப்டேஷன்', 'கன்ஃப்யூஷன்' இரண்டையும் மறுபடி பதிவு செய்துவிட்டார்கள். சிடியில் 'தி பெர்ஃபெக்ட் கிஸ்' முடிவுக்கு முன்பே மங்கிவிடும். எனக்கு அது இன்றும் எரிச்சல்.

லண்டன் ரெக்கார்ட்ஸின் 1994 'பெஸ்ட் ஆஃப்' ஒரே வட்டில் அடங்கும். 'ரிக்ரெட்' (1993) உண்டு. 1990 கால்பந்து உலகக் கோப்பைக்காக இங்கிலாந்து வீரர்களோடு பாடிய 'வேர்ல்ட் இன் மோஷன்' உண்டு. அதில் வீரர் ஜான் பார்ன்ஸின் ராப்பைச் சிரிக்காமல் கேட்பது கடினம். ஆனால் 'ட்ரூ ஃபெய்த்' 1994 மெருகோடு, 'ப்ளூ மண்டே' 1988 ரீமிக்ஸாக. பழைய வீட்டுக்குப் புது டிஸ்டெம்பர் அடித்த மாதிரி.

பயணத்துக்கு இரண்டாவது போதும். வீட்டில் வைக்க 'சப்ஸ்டன்ஸ்'தான். 'ரிக்ரெட்'டைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.