பழைய திங்க்பேடில் டைப்-சி சார்ஜிங்: இரண்டு கோடைக்குப் பிறகு

என் திங்க்பேட் டி440-க்குப் பத்து வயது தாண்டிவிட்டது. சார்ஜர் செருகும் செவ்வக வாய் இரண்டாம் முறையாக ஆட ஆரம்பித்ததும் அதையே கழற்றி எறிந்துவிட்டு டைப்-சி வைத்தேன். கானாடுகாத்தான் வீட்டுப் பட்டாலையில் தினமும் எட்டு மணி நேரம் கணக்கு வேலை இதில்தான் நடக்கிறது.

பிடி (பவர் டெலிவரி) டிரிகர் போர்டு என்று கட்டைவிரல் அளவில் ஒரு சிறு சர்க்யூட் கிடைக்கும். அது சார்ஜரிடம் 20 வோல்ட் கேட்டு வாங்கும். இந்த லேப்டாப்புக்கு வேண்டியதும் அதே 20 வோல்ட். பிரிப்பதற்கு முன், லேப்டாப்பை ஆன் செய்ததும் திறக்கக்கூடிய பயாஸ் செட்டிங்ஸில் போய் உள் பேட்டரியை அணைத்தேன், வெளி பேட்டரியைக் கழற்றினேன். இதை மட்டும் யாரும் தவிர்க்கவே கூடாது.

மினுசு, பிளசு இரண்டையும் பற்றவைத்ததோடு வேலை முடியவில்லை. லேப்டாப் ஓடியது, பேட்டரி ஏறவில்லை. பழைய சார்ஜரின் முனையில், நடு ஊசிக்கும் மினுசுக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். 'நான் எத்தனை வாட்' என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். 65 வாட்டுக்கு 280 ஓம், 90 வாட்டுக்கு 550 ஓம். கையில் 560 ஓம் இருந்தது, அதையே வைத்தேன். சார்ஜ் ஏறியது. ஆனால் இரண்டு பேட்டரியும் காலியாக இருக்கும்போது பெரிய வேலை கொடுத்தால் சார்ஜர் அணைந்து அணைந்து வந்தது. என்னிடம் இருந்தது 65 வாட் சார்ஜர்; லேப்டாப்போ 90 வாட் இருப்பதாக நம்பி இழுத்திருக்கிறது. இன்னொரு 560 ஓமைப் பக்கவாட்டில், பேரலலாகச் சேர்த்தேன்; பாதியாகி, கணக்காக 280. அதற்குப் பிறகு ஒருநாளும் அணையவில்லை. கேபிளும் 5 ஆம்பியர் சிப் வைத்ததாக இருக்க வேண்டும். சாதாரண கேபிளில் 3 ஆம்பியருக்கு மேல் சார்ஜர் தராது.

பதினான்காம் மாதத்தில் போர்டு ஆட்டம் கண்டது. பசைக்குச்சியை உருக்கி ஒட்டியிருந்தேன். சித்திரை வெயிலில் அது இளகிவிட்டது. எபாக்ஸி போட்டு, இரண்டு சிறு திருகும் வைத்த பிறகு அசையவில்லை. கரண்ட் போனால் 65 வாட் பவர்பேங்கைச் செருகிக்கொள்கிறேன். இந்த வசதிக்காகவே இதை இன்னொரு முறை செய்வேன்.

அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-இல் திறந்த சிக்ரி (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) இருக்கும் பக்கத்து ஆள் நான். லித்தியம் பேட்டரி வெயிலிலும் முழுச் சார்ஜிலும் கிடந்தால் சீக்கிரம் தேயும் என்பது எங்களுக்குப் பழகிய பேச்சு. லினக்ஸில் டிஎல்பி என்ற பேட்டரி மென்பொருளைப் போட்டு, சார்ஜை 80 சதவீதத்தில் நிற்க வைத்திருக்கிறேன். உள் பேட்டரி இன்னும் நன்றாகவே தாங்குகிறது.

நான் யோசிக்காமல் விட்டது எர்த். புதுச் சார்ஜருக்கு இரண்டே முள். ஈரக்கையோடு பென்டிரைவைத் தொட்ட அப்பத்தா, "ஏப்பு, கையில சுருசுருங்குதே" என்று இழுத்துக்கொண்டார். சார்ஜருக்குள் இருக்கும் சிறு கப்பாசிட்டர் வழியாகக் கசிகிற மின்சாரம் அது. அளவு சிறியதுதான், ஆனாலும் அவர் முகம் சுருங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று முள் சார்ஜர் வாங்கினேன், சுருசுருப்பு போகவில்லை. மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய ஒயரிங்கில் எர்த்தே கிடையாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பின்கட்டில் கம்பி இறக்கி, பட்டாலை பிளக்குக்குத் தனி ஒயர் இழுத்த அன்றுதான் நின்றது. மொத்த வேலையில் அதிகச் செலவு அதற்குத்தான்.