ஒரு டாலரா, இரண்டரை டாலரா, ஐந்து டாலரா: சிறு சேமிப்பில் பழைய அமெரிக்கப் பொற்காசுகள்

அமெரிக்க அரசு 1795 முதல் 1933 வரை புழக்கத்துக்காக அடித்த பொற்காசுகளைச் சேர்க்க நினைப்பவர், மாத வருமானத்தில் மிச்சம் பிடித்துத்தான் வாங்க முடியும் என்ற நிலையில் இருந்தால், அவர் தீவிரமாக யோசிக்க வேண்டிய வழிகள் மூன்று. ஒரு டாலர் காசின் மூன்று வடிவங்களையும் சேர்ப்பது முதல் வழி. இரண்டரை டாலர் 'இந்தியன் ஹெட்' (செவ்விந்தியர் தலை) வரிசையின் 15 காசுகளையும் முழுமையாகச் சேர்ப்பது இரண்டாவது. ஐந்து டாலர் 'லிபர்டி ஹெட்' (சுதந்திர தேவியின் தலை) காசை, அது அடிக்கப்பட்ட நாணயச்சாலை வாரியாகத் தேடிச் சேர்ப்பது மூன்றாவது. பணத்தைச் சேர்த்துவைத்து ஒரே ஒரு 20 டாலர் காசை வாங்கிக்கொள் என்று நான்காவதாக ஓர் யோசனையும் சொல்லப்படுவதுண்டு. அதைத் தள்ளிவைப்பதற்கான காரணம், எல்லாக் காசுகளுக்கும் பொதுவான எடைக் கணக்கிலேயே இருக்கிறது.

1837-க்குப் பிறகு அடிக்கப்பட்ட இந்தக் காசுகள் எல்லாவற்றிலும் தங்கம் 90 சதவீதம். டாலர் ஒன்றுக்கு 1.672 கிராம் மொத்த எடை, அதில் சுத்தத் தங்கம் ஏறத்தாழ 1.505 கிராம். தங்கம் அவுன்சுக்கு 4,000 டாலரை 2025 அக்டோபரில் தாண்டியது. அந்த எண்ணையே கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஒரு டாலர் காசில் உள்ள தங்கத்தின் மதிப்பு சுமார் 193 டாலர், இரண்டரை டாலர் காசில் 484, ஐந்து டாலர் காசில் 967, 20 டாலர் காசில் 3,870. 20 டாலர் காசுகள் பெரும் எண்ணிக்கையில் ஐரோப்பிய வங்கிகளுக்கு ஏற்றுமதியாகி, 1933 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின்படி உள்நாட்டில் பொற்காசுகள் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்ட காலத்தில் அங்கே பத்திரமாகக் கிடந்து, பிற்பாடு மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தவை. ஆகவே அவற்றில் சாதாரண ஆண்டுக் காசுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி உலோகத்துக்கே போகிறது. தங்கத்தில் முதலீடு செய்ய விரும்புகிறவருக்கு அது குறையன்று. சேகரிப்பவருக்கோ, பல மாதச் சேமிப்பு முழுவதும் ஒரே காசில் முடங்கி, அடுத்து வாங்க எதுவுமில்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

எனவே ஒப்பிட வேண்டியது விலைகளை அல்ல. கொடுக்கிற விலையில் எவ்வளவு உலோகத்துக்கு, எவ்வளவு அருமைக்கு, எவ்வளவு வெறும் கவர்ச்சிக்குப் போகிறது என்பதையே.

ஒரு டாலர் காசிலிருந்து தொடங்கலாம். 1848 ஜனவரியில் கலிபோர்னியாவின் கொலோமாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டதன் விளைவாகக் குவிந்த உலோகத்தைக் காசாக்குவதற்கு, 1849 மார்ச் 3-ஆம் தேதிச் சட்டம் இரண்டு புதிய மதிப்புகளை ஒன்றாக அனுமதித்தது: மிகச் சிறிய ஒரு டாலர், மிகப் பெரிய 20 டாலர். இரண்டையும் வடிவமைத்தவர் ஜேம்ஸ் லாங்கேகர். 1849 முதல் 1854 வரை வந்த முதல் வடிவம் சுமார் 13 மில்லிமீட்டர் விட்டமே உடையது. சட்டைப் பொத்தானுக்குள் அடங்கிவிடும் அந்த அளவு புழக்கத்தில் தொலைந்துபோக ஏதுவாக இருந்ததால், 1854-இல் எடையை மாற்றாமல் காசை மெல்லியதாக்கி, விட்டத்தைச் சுமார் 15 மில்லிமீட்டராக அகலப்படுத்தினார்கள். இறகுக் கிரீடம் அணிந்த பெண்ணின் தலையுடன் வந்த இந்த இரண்டாம் வடிவம் இரண்டு ஆண்டுகளே தாக்குப்பிடித்தது.

ஏன் என்பதை 1855-ஆம் ஆண்டுக் காசு ஒன்றைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் கண்ணாலேயே காணலாம். பின்பக்கத்தில் மாலைக்கு நடுவே உள்ள ஆண்டில் முதல் 1-உம் கடைசி 5-உம் தெளிவாக இருக்க, இடையிலுள்ள 85 மங்கலாகவும், அதற்கு மேலே 'டாலர்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடு எழுத்துகள் அரைகுறையாகவும் தெரியும். அந்த இடத்துக்கு நேர் மறுபக்கத்தில்தான் தலையின் மிக உயர்ந்த புடைப்பு இருக்கிறது. அச்சு அழுத்தும்போது மெல்லிய தகட்டிலிருந்த உலோகம் தலையை நிரப்பப் போய்விட, எண்ணுக்குப் போதவில்லை. 1856-இல் லாங்கேகர் தலையைப் பெரிதாக்கிப் புடைப்பைத் தாழ்த்தியதும் சிக்கல் தீர்ந்தது; அந்த மூன்றாம் வடிவம் 1889 வரை நீடித்தது. நாணயச்சாலை தன் தவற்றைத் திருத்திக்கொண்ட விதத்தை மூன்றே காசுகளில் வரிசையாகப் பார்க்க முடிகிறது என்பது இந்த வழியின் பெருஞ்சிறப்பு.

செலவும் ஏற்றதே. முதல் வடிவத்தில் 1853-ஆம் ஆண்டு மட்டும் 40 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. மூன்றாம் வடிவத்தில் 1862-ஆம் ஆண்டுக் காசு 13 லட்சத்துக்கு மேல். இந்த 1862-க்கு ஒரு கதையும் உண்டு: உள்நாட்டுப் போரால் 1861 டிசம்பர் கடைசியில் வங்கிகள் தாளுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தியதால், கிழக்கு மாநிலங்களில் பொற்காசு கைமாறுவதே அபூர்வமாகியது, அதனால்தான் அந்த ஆண்டுக் காசுகள் பல தேயாமல் கிடைக்கின்றன. இரண்டாம் வடிவம்தான் மூவரில் செலவாளி. ஆனால் அந்த விலை வேறுபாடு புழங்காத காசுகளில் பல மடங்காகவும், ஓரளவு தேய்ந்தவற்றில் தாங்கக்கூடியதாகவும் இருப்பதால், சிறு சேமிப்புக்காரர் தேய்ந்ததையே தேடிப்போகலாம்.

இந்த வழியில் காத்திருக்கும் ஆபத்து நகைக்கடை. காசுமாலைக்காகக் காசில் வளையம் பற்றவைப்பதைப் போலவே அமெரிக்கர்களும் இந்தச் சிறு காசுகளைப் பதக்கமாகவும் கைச்சங்கிலித் தொங்கலாகவும் ஆக்கினார்கள். பிற்பாடு வளையத்தை எடுத்துவிட்டு விளிம்பை அராவி விற்பனைக்கு வந்தவை ஏராளம். தலைக்கு மேலே உள்ள விளிம்பைச் சாய்த்துப் பார்த்தால், அங்கே பற்களின் ஒழுங்கு கெட்டிருப்பதோ பற்றாசின் நிறம் மாறியிருப்பதோ தெரியும். அப்படிப்பட்ட காசு மலிவாகக் கிடைத்தாலும், விற்கப் போகும்போது அதைவிட மலிவாகத்தான் போகும்.

இனி இரண்டரை டாலர். 1908 முதல் 1915 வரையும் பின்னர் 1925 முதல் 1929 வரையும் வந்த 'இந்தியன் ஹெட்' வரிசை, தொடக்கச் சேகரிப்பாளர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது. ஆண்டும் நாணயச்சாலையும் சேர்த்து எண்ணினால் 15 காசுகள்தாம். எந்த வணிகரிடமும் இருப்பு உண்டு. முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் உண்டு. வடிவமும் அலாதியானது. போஸ்டன் மருத்துவரும் அப்போதைய குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் நண்பருமான வில்லியம் பிகலோ, பண்டைய எகிப்தியச் சிற்பங்களைப் போல உருவத்தைத் தளத்துக்குக் கீழே குடைந்து காட்டலாம் என்று யோசனை சொல்ல, சிற்பி பெலா லயன் பிராட் அதைச் செய்துகொடுத்தார். குடைவில் அழுக்குத் தங்கி நோய் பரவும் என்று பிலடெல்பியாவின் நாணய வணிகர் சாமுவேல் சாப்மன் குடியரசுத் தலைவருக்கே எழுதினார்.

நோய் பரவியதோ இல்லையோ, அந்த வடிவம் சேகரிப்பவருக்கு வேறொரு தொல்லையைக் கொடுத்தது. மற்றக் காசுகளில் உயர்ந்து நிற்கும் விளிம்பு தளத்தைக் காக்கிறது. இதிலோ தளமே மேல்மட்டம் என்பதால், ஒரு காசின் மேல் இன்னொன்று உராய்ந்தாலே வெற்றுத் தளத்தில் தழும்பு விழுகிறது. இது தேய்மானமா, பையில் பட்ட உராய்வா, புழங்காத காசா என்று தீர்மானிப்பது பழகிய கண்களுக்கே சிரமம். புழங்காத காசுகளுக்குத் தரப்படும் தர எண்களில் எம்.எஸ்.-62 என்பதற்கும் எம்.எஸ்.-64 என்பதற்கும் இடையே விலை தாவும் வரிசையில் இப்படியொரு மயக்கம் இருப்பது, வாங்குகிறவருக்குச் சாதகமன்று.

முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையைக் கெடுப்பது ஒற்றைக் காசு. 1911-இல் டென்வர் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை 55,680 மட்டுமே. அடுத்து அருமையான 1914 பிலடெல்பியாக் காசே 2,40,000. இதனால் மற்றவற்றை ஒன்றிரண்டாக வாங்கி 14 வரை வந்தவர், 15-ஆவதற்கு மற்றதொரு காசைப்போலப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பின்பக்கத்தில் கழுகின் காலடியில் கிடக்கும் அம்புகளின் முனைக்கு இடப்புறம் டென்வரைக் குறிக்கும் சிறிய 'டி' எழுத்துதான் அந்த விலைக்கு ஆதாரம் என்பதால், பிலடெல்பியாக் காசில் அந்த எழுத்தை ஒட்டி விற்கும் மோசடியும் பழையது. உண்மையான காசிலேயே எழுத்து மங்கிப் போன வகை ஒன்றும் உண்டு. அது விலை குறைந்தது.

இதையும் கடந்து எனக்கு உள்ள குறை, 15 காசுகளில் எதைப் பார்த்தாலும் ஒரே முகம்தான் என்பது. ஓர் ஆண்டுக்கும் இன்னோர் ஆண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு பெரிதாக ஒன்றுமில்லை. நிறைய பேர் சேர்க்கிறார்கள் என்பதே விலையைத் தூக்கிப்பிடிக்கிறது.

ஐந்து டாலர் 'லிபர்டி ஹெட்' நிலைமை நேர்மாறானது. கிறிஸ்டியன் கோப்ரெக்ட் வரைந்த இந்த முகம் 1839 முதல் 1908 வரை அதிகம் மாறாமல் வந்தது; 1866-இல் கழுகுக்கு மேலே 'கடவுளையே நம்புகிறோம்' என்ற வாசகம் சேர்ந்ததுதான் குறிப்பிடத்தக்க மாற்றம். எடை 8.359 கிராம், நம் பவுனைவிடச் சற்றுக் கூடுதல், மாற்று சற்றுக் குறைவு. வடிவத்தில் பன்மை இல்லாத இந்தக் காசுக்குப் பன்மையைத் தருவது இடம். பிலடெல்பியா, சார்லட், டாலோனெகா, நியூ ஆர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ, கார்சன் சிட்டி, டென்வர் என்று அந்தக் காலத்தில் இருந்த ஏழு நாணயச்சாலைகளிலும் அடிக்கப்பட்ட ஒரே மதிப்பு ஐந்து டாலர்தான். கழுகின் கீழே உள்ள ஒன்றிரண்டு எழுத்துகளை வைத்தே, அமெரிக்காவில் எங்கெங்கே தங்கம் கிடைத்ததோ அந்த வழியைத் தொடர முடியும்.

விலை படிப்படியாக ஏறுவதும் நல்லதே. பிலடெல்பியாவில் 1881-இல் மட்டும் 57 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் பிற்காலக் காசுகளும், டென்வர் 1906, 1907 காசுகளும் உலோக மதிப்புக்குச் சற்று மேலே கிடைக்கின்றன. புழங்காத நிலையிலேயே வாங்கலாம். நியூ ஆர்லியன்ஸுக்கு 1,10,000 அடிக்கப்பட்ட 1893 ஏற்றது. கார்சன் சிட்டிக்கு 1891: அந்தச் சாலையில் ஐந்து டாலர் காசு அதிகம் அடிக்கப்பட்ட ஆண்டு, 2,08,000. நெவாடாவின் கோம்ஸ்டாக் சுரங்கங்களை நம்பி 1870-இல் காசடிக்கத் தொடங்கி 1893-இல் நிறுத்திய அந்தச் சாலையின் 'சிசி' எழுத்துகளுக்குத் தனிக் கிராக்கி இருப்பதால், இங்கே உலோக மதிப்பைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

மீதி இரண்டும் எட்டாக்கனிக்கு அருகில் உள்ளவை. சார்லட்டும் டாலோனெகாவும் 1838-இல் காசடிக்கத் தொடங்கி, 1861-இல் உள்நாட்டுப் போரோடு மூடப்பட்டு, பிறகு திறக்கப்படவே இல்லை. இரண்டிலும் பொன்னைத் தவிர வேறு எதுவும் அடிக்கப்பட்டதில்லை. டாலோனெகாவின் பொன், ஜார்ஜியாவில் செரோக்கி மக்களின் நிலத்தில் 1829 வாக்கில் தொடங்கிய தங்க வேட்டையில் வந்தது; நாணயச்சாலை காசடித்த அதே 1838-இல்தான் அந்த மக்கள் இராணுவத்தால் மேற்கே துரத்தப்பட்டு வழியில் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். தேய்ந்த நிலையிலும் இந்தக் காசுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். கீறல் விழுந்தவையும் கழுவப்பட்டவையும் தரச் சான்று நிறுவனங்களால் எண் தரம் மறுக்கப்பட்டு 'டீட்டெய்ல்ஸ்' என்ற குறிப்போடு வரும்போது, விலை கணிசமாக இறங்குகிறது. மற்ற இடங்களில் ஒதுக்க வேண்டிய இத்தகைய காசை, இந்த இரண்டு சாலைகளுக்கு மட்டும் நான் ஏற்பேன்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. 1960-களிலும் 70-களிலும் லெபனானிலிருந்து வந்த போலிகள் பெரும்பாலும் சரியான எடையும் சரியான தங்கமும் கொண்டவை. உலோக விலைக்கும் சேகரிப்பு விலைக்கும் இடையிலுள்ள லாபத்துக்காகவே அடிக்கப்பட்டவை. ஆகவே தராசும் உரைகல்லும் இங்கே உதவா. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய தரச் சான்று நிறுவனங்களின் மூடிய உறையில் உள்ளதை மட்டும் வாங்குவதும், உறையே போலியாக இருக்கலாம் என்பதால் அதன் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அங்கே படம் இருந்தால் கையிலுள்ள காசோடு ஒத்துப்பார்ப்பதும் கட்டாயம். ஒரு டாலர் காசுக்கு இந்தச் சான்றின் செலவு உலோக மதிப்பில் பெரும் பங்காகத் தெரியும். அதைச் செலவாகக் கருதி மிச்சப்படுத்தப் பார்ப்பவர்களை நம்பித்தான் போலிக்காரர் பிழைக்கிறார்.

ஒப்பிட்டு முடிவுக்கு வந்தால், மாதம் சிறு தொகை ஒதுக்குபவர் ஒரு டாலரில் தொடங்குவதே சரி: முதலில் 1850-களின் தொடக்கத்துக் காசு ஒன்று, பிறகு 1862, கடைசியில் நன்கு தேடி, ஆண்டின் நான்கு எண்களும் தெளிவாகப் படிக்க முடிகிற ஓர் 1854 அல்லது 1855. அதற்கு இணையாக ஆண்டுக்கு ஒரு ஐந்து டாலர் காசு வாங்க முடிகிறவர், டென்வரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் பழகிக்கொண்டு கார்சன் சிட்டிக்குப் போகலாம். இரண்டரை டாலர் 'இந்தியன் ஹெட்' எல்லோருடைய சேகரிப்பிலும் இருக்கத் தகுந்த காசு. ஆனால் ஒன்று போதும், 1925-க்குப் பிந்தைய ஏதாவதொரு ஆண்டு, எம்.எஸ்.-62 தரத்தில். 1911 டென்வர்க் காசுக்கு ஆகும் பணம் என்றாவது கையில் சேர்ந்துவிட்டால், அதைக் கொண்டு தேய்ந்த டாலோனெகா ஐந்து டாலர் காசு ஒன்றைத்தான் நான் வாங்குவேன்.