டானுமா, லா செல்வாவா?

காட்டைப் படிக்கும் எங்கள் முதுகலைப் படிப்போடு வெளிநாட்டுக் களப்பயணமும் உண்டு, எங்கே போகலாம் என்று ஜூனியர்கள் கேட்கும்போது இரண்டு மழைக்காடுகளின் பெயர்கள்தான் அடிக்கடி அடிபடுகின்றன. ஒன்று, போர்னியோவில் மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள டானும் பள்ளத்தாக்கு. இன்னொன்று, மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்காவின் லா செல்வா ஆய்வு நிலையம். நான் போனது டானும், என் அறைத்தோழி போனது லா செல்வா. திரும்பி வந்து பேசியதில் பொறாமை எனக்குத்தான்.

காட்டுக்காக என்றால் சந்தேகமே வேண்டாம், டானும்தான். 438 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி கோடரி படாத காடு. 2019-இல் ஆள் ஏறி அளந்த 100.8 மீட்டர் மரம் இங்கேதான் நிற்கிறது. பக்கத்து ஊரான லஹாட் டத்துவிலிருந்து உள்ளே போகும் சாலையே ஒரு பாடம். முதலில் செம்பனைத் தோட்டங்கள் (மலேசியத் தமிழர் வைத்த பெயர், எண்ணெய்ப் பனையைவிட அழகு), அடுத்து வெட்டியபின் மீண்டு வரும் காடு, கடைசியில் வெட்டாத காடு. மரம் வெட்டினால் என்னென்ன உயிர் போகும் என்று படிக்க இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது.

லா செல்வா வெறும் 16 சதுர கிலோமீட்டர். ஆண்டுக்குச் சுமார் 4 மீட்டர் மழை வேறு. ஆனால் வெப்பமண்டல ஆய்வுகளுக்கான பல்கலைக்கழகக் கூட்டமைப்பு ஒன்று 1968 முதல் அதை நடத்துகிறது. சிமென்ட் பாதைகள், தூரம் குறித்த கம்பங்கள், பக்கத்திலேயே ஆய்வகம். காட்டுக்குள் இறங்க ஐந்து நிமிடம் போதும். இது சொகுசு மாதிரித் தெரியும். உண்மையில் மிச்சமாவது நேரம்.

அந்த நேரத்தின் அருமை எனக்கு சாண வண்டிடம் புரிந்தது. வண்டைப் பிடித்து எண்ண, மண்ணைத் தோண்டி பிளாஸ்டிக் டம்ளரைப் புதைத்து, மேலே சல்லாத் துணியில் இரையைத் தொங்கவிட வேண்டும். இரை மனித மலம். காலையில் யார் முறை என்பதில் தினமும் பஞ்சாயத்து. டம்ளர் விளிம்பு மண்ணுக்கு மேலே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். கூரை வைக்க மறந்தால் இரவு மழையில் எல்லாம் மிதக்கும். இதையெல்லாம் கற்று, பத்துப் பொறி வைத்து, எண்ணி முடித்துக் காட்டினேன். ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: “எத்தனை காடு?” பத்தும் ஒரே பாதையோரம். பத்தும் ஒரே காட்டைத்தான் சொல்லும், அப்படியானால் மாதிரி பத்து அல்ல, ஒன்று. இரண்டு வாரப் பயணத்தில் அப்போது மீதி மூன்று நாள்.

தோழிக்கும் இதே அடி விழுந்தது, இரண்டாம் நாளே. அவர்களுக்குக் காலையில் கேள்வி, பகலில் தரவு, இரவில் எல்லோர் முன்னாலும் விளக்கம். நான்கு வாரத்தில் ஏழு சின்ன ஆய்வுகள். முதல் மூன்று குப்பை என்று அவளே சொல்வாள். ஏழாவது நன்றாக இருந்தது.

பனாமாவின் பாரோ கொலராடோ தீவையும் சிலர் கேட்கிறார்கள். 50 ஹெக்டேரில் 1 செ.மீ. தடிமன் உள்ள கன்றுவரை எண் போட்டு, 1980-களின் தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப அளக்கும் இடம். அருமையான இடம்தான். ஆனால் மரம் அளக்கும் அந்த முறையை மட்டும் கற்கவேண்டும் என்றால் அவ்வளவு தூரம் எதற்கு? முதுமலையிலேயே அதேபோன்ற 50 ஹெக்டேர் இருக்கிறது, யானையும் காட்டுத்தீயும் சேர்த்து.

ஆகவே முதல் களப்பயணம் என்றால் லா செல்வா. கேள்வி ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதுவும் மரவெட்டு அல்லது செம்பனை சம்பந்தப்பட்டது என்றால் டானும். டானும் போகிறவர்கள் அட்டை ஏறாத துணிக் காலுறை மூன்று ஜோடியாவது எடுத்துப் போங்கள். அங்கே துவைத்தது காயாது.