ரெக்கார்டு டிஜிட்டல் ஆக்கித் தருகிறேன் என்று வருபவரிடம் ஏமாறாதீர்கள்

அப்பா விட்டுப்போனது 58 எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு), நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய '78' தட்டுகள் 9. தட்டுக்கு 150 ரூபாய் கொடுத்தால் கழுவி, பதிவு செய்து பென் டிரைவில் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்தார். பேச்சு அவ்வளவு தேன். மொத்தம் 10,050 ரூபாய்.

வெள்ளி மாலை எடுத்துப்போனவர் ஞாயிறு காலையில் திரும்பி வந்துவிட்டார். அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒரு எல்.பி. இரண்டு பக்கமும் ஓட 40 நிமிடம் என்றால் 58-க்கு 38 மணி நேரத்துக்கு மேல். கழுவும் நேரமும் 78 தட்டுகளும் சேர்ந்தால், தூங்காமல் ஓட்டினாலும் முடியாது. நானோ, "பரவாயில்லையே, சுறுசுறுப்பான ஆள்" என்று காபி போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு கச்சேரித் தட்டு உண்டு. பல்லவியில் ஒரே இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டு பாடகர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அப்பா எழுந்துபோய் விரலால் லேசாகத் தட்டிவிடுவார். பென் டிரைவில் அதே பாட்டு எங்கும் மாட்டாமல் ஓடியது. இன்னொரு பாட்டின் கடைசியில் ஒரு இளைஞர் குரல் "சப்ஸ்க்ரை..." என்று ஆரம்பித்து அறுந்தது!

அப்புறம்தான் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) போட்டுப் பார்த்தேன். ஒலியைச் சுருக்காத பெரிய வேவ் ஃபைல்தான், ஆனால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல வெறும் கறுப்பு. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் மயான அமைதி. நிஜத் தட்டில் அங்கேயும் ஊசி உரசும் சத்தம் இருக்கும், கீறலின் 'டிக்' 16-ஐத் தாண்டியும் போகும். இணையத்தில் இறக்கிய, உச்ச ஒலிகளை வெட்டிச் சுருக்கிய எம்.பி.3-ஐ வேவாக மாற்றி ஊதிப் பெருக்கியிருக்கிறார். போனில் கேட்டதற்கு, "உங்க தட்டுல கீறல் சார், அதான் நல்ல காப்பியா போட்டுக் குடுத்தேன்" என்றார். அதன்பின் போனை எடுக்கவில்லை.

பணம் போனால் போகட்டும். 78 தட்டுகளில் நான்கை ஸ்பிரிட்டில் துடைத்துப் பாழாக்கியதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவை அரக்கில் செய்தவை. தச்சர் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்! தட்டின் முகம் வெளுத்து மங்கிவிட்டது.

யாரிடமாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், எந்த இடத்தில் கீறல் என்று உங்களுக்குத் தெரிந்த தட்டை முதலில் கொடுங்கள். ஒரு பக்கம் முழுவதையும் வெட்டாமல், பதிவிலுள்ள கீறல் சத்தத்தை நீக்காமல், ஒரே ஃபைலாகக் கேளுங்கள். மறுத்தால் தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நானே செய்கிறேன். பெல்ட் மாற்றிய பழைய டர்ன்டேபிள், ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் சின்ன ஃபோனோ பிரீஆம்ப், அதைக் கணினிக்குள் கொண்டுபோகும் யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ். ஊசியின் அழுத்தத்தை 2 கிராமில் வைத்திருக்கிறேன். சூட்கேஸ் மாடல் பிளேயர் மலிவுதான், ஆனால் அதில் ஊசியைத் தாங்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 5, 6 கிராம் அழுத்தும், வேண்டாம். ஒலி சிதையாமலிருக்க, பதிவின் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று தட்டு, அவ்வளவுதான் முடிகிறது. கச்சேரித் தட்டில் நான் தட்டிவிட்ட 'டக்'கும் பதிவாகியிருக்கிறது, வெட்டவில்லை.

மிஞ்சிய ஐந்து 78-ஐ இன்னும் தொடவில்லை. அவற்றின் பள்ளம் அகலம், எல்.பி. ஊசி அடியில் போய் உரசும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனையுள்ள ஊசி தனியாக வாங்க வேண்டும்.