60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆஜராகாமலே கேஸைச் சாகடித்தார்கள்

டாக்டர் மேல் நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போட்டுவிட்டு வக்கீலை நம்பி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு நடந்தது.

பித்தப்பை ஆபரேஷனில் பித்தக்குழாயில் காயம். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், பில் எல்லாம் பக்காவாகக் கையில் இருந்தன. மருத்துவ வழக்கு மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு வக்கீல் அலுவலகத்துக்குப் போனார்கள். "நீங்க அலையவே வேண்டாம்மா, வக்காலத்துல கையெழுத்து போட்டுட்டுப் போங்க, மத்ததை நாங்க பாத்துக்குறோம்." படுத்த படுக்கையாக ஒருவரை வைத்திருக்கும் வீட்டுக்கு இதைவிட இனிப்பான பேச்சு உண்டா? முதலில் 40,000. ரசீது கிடையாது.

புகார் ஏற்கப்பட்டு நம்பர் ஆனது. மருத்துவமனையும் பதில் போட்டது. அடுத்து புகார்தாரர் ப்ரூஃப் அஃபிடவிட்டும் (நடந்ததைச் சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம்) ஆவணங்களும் தாக்கல் செய்ய வேண்டும். சாட்சியம் என்பதே அங்கே அதுதான். அதைப் போடவே இல்லை. போன் செய்தால் "இன்னைக்கு கோரம் இல்ல" (போதுமான உறுப்பினர்கள் வரவில்லை), "எதிர்த்தரப்பு டைம் கேட்டிருக்காங்க". ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்ததை ஆணையம் பதியும் ஆர்டர் ஷீட்டிலோ வாய்தாவுக்கு வாய்தா "புகார்தாரர் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை". கடைசியில் டீஃபால்ட்டில், அதாவது ஆஜராகாத காரணத்துக்காகவே, தள்ளுபடி. டாக்டர் தப்பு செய்தாரா என்ற கேள்விக்கே யாரும் போகவில்லை.

வயிறு எரிவது இதற்கப்புறம்தான். "ரெஸ்டோரேஷன் பெட்டிஷன் போட்டு எழுப்பிடலாம்" என்று, தள்ளுபடியான கேஸை அதே ஆணையத்தில் மறுபடி உயிர்ப்பிக்கும் மனுவுக்காக, இன்னும் 20,000 கறந்தார்கள். ஆக 60,000. மாவட்ட ஆணையம் தன் தள்ளுபடி உத்தரவைத் தானே ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவில் மறுஆய்வு உண்டு. அது பார்த்ததும் தெரியும் பிழைக்கு மட்டும், 30 நாளுக்குள். சரியான வழி மாநில ஆணையத்தில் மேல்முறையீடு, 45 நாளுக்குள். அந்த 45 நாளும் இந்த உதவாத பெட்டிஷனைக் காட்டியே ஓட்டப்பட்டது. புதுப் புகார் போடலாமென்றால் 2 வருடக் கெடுவும் போய்விட்டது. இனி தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட்டு, அதற்கு வேறு கெஞ்ச வேண்டும்.

அந்த அலுவலகத்தின் மேல் நுகர்வோர் கேஸ் போடலாம் என்று யாரும் கிளம்பாதீர்கள். வக்கீல் சேவை இந்தச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. பார் கவுன்சிலில் புகார் தரலாம், தரத்தான் போகிறார்கள். ஆனால் அங்கே ஒழுங்கு நடவடிக்கைதான். 60,000-த்தை வசூலித்துத் தர மாட்டார்கள்.

அவசரமாகச் சில விஷயங்கள். கேஸ் நம்பரும் அடுத்த வாய்தா தேதியும் தெரியாமல் அடுத்த தவணை கொடுக்காதீர்கள். நுகர்வோர் ஆணையங்களுக்கான ஈ-ஜாக்ரிதி இணையதளத்தில் ஆர்டர் ஷீட்டை நீங்களே பாருங்கள். வக்கீல் வராவிட்டால் நீங்களே ஆஜராகலாம், சட்டம் தடுக்கவில்லை. ஒரிஜினல் ரிப்போர்ட்டைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே தள்ளுபடி ஆகியிருந்தால், உத்தரவு நகலை வாங்கி முதலில் 45 நாளை எண்ணுங்கள்.